அட்டைக்கடிக்குச் சர்க்கார் சாட்சி

மலைமேல் இருக்கும் கூக்கால் கிராமத்துக்கு நடந்து போனதைப் பற்றி எழுதிய என் முதல் கட்டுரையை, பழனி கடைவீதியில் மாதப் பத்திரிகை நடத்திய ராவுத்தரிடம் கொடுத்தேன். தாலுகா அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுத்த மழைக்கணக்கும் அதில் இருந்தது. பாதிப் படிப்புக்காரன் திருடி எழுதிவிட்டான் என்று பேச்சு வரக் கூடாதே என்று, என் சொந்த வரிகள் உட்பட எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் அடைத்து, ஒவ்வொன்றிலும் 'தாலுகா பதிவேட்டின்படி' என்று சேர்த்திருந்தேன்.

ராவுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க, உங்க காலை அட்டை கடிச்சதும் சர்க்கார் பதிவேட்டுலயா கெடக்கு?"

"யாராவது கேட்டா என்ன சொல்றதுங்க?"

"மழைக்கணக்கு அவங்க எழுதுனது. எடுத்த எடத்தைச் சொன்னாப் போதும். ரத்தம் உங்களுதுதான? அந்தக் குறியை எடுங்க. வெரசா அச்சுக்குக் கொடுக்கணும்."

அங்கேயே உட்கார்ந்து, அட்டைக்கடி ஆறாத கணுக்காலைச் சொறிந்தபடி குறிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். மழைக்கு மட்டும் குறி மிஞ்சியது.