எதிரே யாரும் வராத சாலை

என் வீட்டுக்காரருக்கு ஏலத்தோட்டம் இருந்தது, பந்தயக் கார் டீமும் இருந்தது. தோட்டம் சம்பாதிக்கும், டீம் தின்னும். போடியில் அவரை ‘ரேசு மொதலாளி’ என்பார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல். அவர் ஒரு நாளும் பந்தயத்தில் ஓட்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பழைய கார்களாக வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, லாரியில் ஏற்றி, மெட்ராஸ் பக்கத்தில் பந்தயம் நடக்கிற சோழவரத்துக்குக் கொண்டுபோவார். ஓட்டுவதற்கு வேறு யாரையாவது பிடித்திருந்தால் எனக்கென்ன வந்தது? என் தம்பியைப் பிடித்தார்.

தம்பி போடிமெட்டு மலைச்சாலையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் சிலமலை ஊர்ப் பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போவான், சாயங்காலம் இறக்கிவிடுவான். மலையில் ஓட்டுகிறவனுக்கு வளைவு வருமுன்னே கை தானாக ஹாரனுக்குப் போய்விடும்.

சோழவரத்திலும் போனது. பந்தயக் காரில் ஏது ஹாரன்? இவன் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கின் நடுவில் தட்டி, காலையும் பிரேக்கில் வைத்துவிடுவான். மெட்ராஸ்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“இங்க எதுக்க எவனும் வரமாட்டான் மாப்ளே. நம்பி மிதி” என்று இவர் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அந்தப் பழக்கம் போக இரண்டு சீசன் ஆனது. போனபின் தம்பியைப் பிடிக்க ஆளில்லை. வீட்டில் கோப்பை வைக்க இடமில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பேன். புழுதிக்குள் போன வண்டி வெளியே வரும்வரை எனக்கு உயிர் இருக்காது. “ஒந்தம்பி கெட்டிக்காரன், பயப்படாத” என்பார் இவர். கெட்டிக்காரன் செத்தால் மட்டும் எழுந்து வருவானா என்று கத்துவேன்.

நான் பயந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு மழைநாள் சாயங்காலம் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். தம்பிதான் ஓட்டினான். பக்கத்தில் நான், ஓரத்தில் இவர், பின்னால் வேலை முடிந்த பெண்கள். சில வளைவுகள் தாண்டியும் ஹாரன் சத்தம் இல்லை.

“டேய், ஹாரன் அடிடா.”

“அடிக்கிறேன்க்கா” என்று ஒரு தடவை அடித்தான். அடுத்த வளைவில் மறந்தான். வேகமும் குறையவில்லை. பின்னால் பேச்சு நின்றுபோனது. மொதலாளி முன்னால் இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்? நான் இவரைப் பார்த்தேன். இவர் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவில் பஸ். கண்ணாடி முழுக்க பஸ். தம்பி எப்படி ஒடித்தான் என்று தெரியாது. அதை உரசிக்கொண்டு போய், சாலையோரச் சுவரை இடித்து நின்றோம். முன்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

“பின்னாடி யாரும் எறங்காதீக ஆத்தா. நீங்க எறங்குனா வண்டி முன்னால சாஞ்சிரும்” என்றார் இவர். குரல் உயரவே இல்லை. நாங்கள் மூவரும் தம்பி பக்கமாக இறங்கும்வரை அந்தப் பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பஸ்ஸில் வந்தவர்கள் ஓடிவந்து ஜீப்பை இழுத்துப் பிடிக்க, ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

தம்பி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் சிரிப்பு.

“பாத்தியாக்கா? ரேசு ஓட்டாத வேற எவனா இருந்தாலும் கவுத்திருப்பான்.”

“வேற எவனா இருந்தாலும் ஹாரன் அடிச்சிருப்பான் மாப்ளே” என்றார் இவர்.

சீசன் முடியக்கூட இவர் காத்திருக்கவில்லை. கார்களை விற்றார், டீமைக் கலைத்தார். “ஜீப்பை விட்டுர்றேன் மச்சான், ரேசு மட்டும் ஓட்டிக்கிறேன்” என்று தம்பி கெஞ்சினான். “இந்த ஊருல இருந்துக்கிட்டு மலை ரோட்டுல ஓட்டாம எத்தனை நாளைக்கு இருப்ப?” என்றவர், மெட்ராஸுக்கே போய், மற்ற டீம்காரர்களிடமும் இவனுக்கு வண்டி கொடுக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்தார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து தம்பி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போடிமெட்டிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், மாப்ளே எப்படி ஓட்டுகிறான் என்று விசாரிப்பார்.

எண்பதுகளின் கடைசியில் இவர் போய்ச் சேர்ந்தார். மெட்ராஸிலிருந்து பந்தயக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று விட்டார் என்று ஒருவர் கேட்டார்.

“அவருக்கு எம்மேல நம்பிக்கை இல்ல” என்றான் தம்பி. கையில் தன் மகளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தான். பிணம் கிடக்கிற வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவன் கோபம் ஆறாமல், ஆனால் உயிரோடு, கை கால் முழுசாக, என் எதிரே நின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் அன்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.