தரையில் படுத்து ஓட்டிய வண்டி

என் சித்தப்பா இருபத்தெட்டு வருடம் ரயில் ஓட்டினார். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. சாலையைக் கடக்கும்போது சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் காலி" என்பார். சித்தி அந்தப் பக்கம் பார்த்து, "இந்தப் பக்கமும் காலி" என்று பதில் சொன்னால்தான் காலை எடுத்து வைப்பார். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். தெருவே அவரை 'சிக்னல்' என்றுதான் கூப்பிட்டது.

அது அவர்கள் தொழிலின் வழக்கம். இன்ஜினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவரும் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் திருப்பிச் சொல்வதைப்போன்ற கேவலம் அந்தத் தொழிலில் வேறு கிடையாது என்பார் சித்தப்பா.

அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். அங்கே 'தலைவரின் துணிவு' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் இரண்டாம் பரிசு வாங்கினேன். இதை மறைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட நான் வேண்டாவெறுப்பாக எழுதவில்லை. நாட்டின் தலைவர் பீரங்கி சுட்ட படத்தையும், பாலத்தின் விளிம்பில் நடந்த படத்தையும் என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பாலத்துக்குக் கீழே வலை கட்டியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் படத்தைக் கிழிக்கவில்லை.

போன வருடம் புது ரயில் ஒன்று வந்தது. அதைத் தலைவரே ஓட்டப்போகிறார் என்று அறிவித்தார்கள். நல்ல பெயருள்ள ஓட்டுநர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று தேடியதில் சித்தப்பா சிக்கினார். சித்திக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

அன்று கேபினுக்குள் ஏறியதும் ஒரு அதிகாரி சொன்னாராம்: "உங்க தலை கேமராவுல தெரியக்கூடாது. கீழ படுத்துக்கோங்க."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "படுத்துக்கிட்டு எப்படி சார் ஓட்டறது?"

"ஓட்டறது தலைவர். நீங்க சும்மா பாத்துக்கிட்டா போதும்."

"பாக்கறதுக்குத்தான் சார் கேக்கறேன். தரையிலேர்ந்து என்னத்தப் பாக்கறது?"

துணை ஓட்டுநரைக் கடைசிப் பெட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இருக்கையில் ஒரு மெய்க்காவலர் உட்கார்ந்தார். பின்னால் எட்டுப் பெட்டிகளில் கையசைப்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிருந்தார்கள்.

ஓட்டுபவரின் காலடியில் ஒரு பெடல் இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை மிதிக்க வேண்டும். மிதிக்காவிட்டால், ஆள் தூங்கிவிட்டார் என்று வண்டி தானே நின்றுவிடும். தலைவர் அதை மிதிக்க மறுத்துவிட்டார். தையல் மிஷின் மிதிப்பதுபோல் இருக்கிறதாம். ஆகவே என் சித்தப்பா அவர் காலுக்கிடையில் குப்புறப் படுத்து, அந்தப் பெடலைக் கையால் அழுத்திக்கொண்டே போனார். பிரேக் பிடி தலைக்கு மேலே, கையை உயர்த்தினால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஐம்பத்தேழு வயது. நெற்றி தரையில். மூக்கருகே தலைவரின் பளபளப்பான ஷூ. அந்த ஷூ பாலிஷ் நாற்றம் இப்போதும் குமட்டுகிறது என்பார். தலைவர் கேமராவைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் அந்த ஷூ இவர் விரல்மேல் ஏறி இறங்கியது.

"இந்த நாட்டையே ஓட்டறேன். இது என்ன பெரிய வண்டி!" என்று தலைவர் சொன்னது செய்தியில் வந்தது. அப்போது மிதிபட்டது சித்தப்பாவின் மோதிரவிரல்.

தலைவர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்திருந்தார். அவருக்காகக் காலி செய்து வைத்த பாதையை அதற்குமேல் காலியாக வைத்திருக்க முடியாமல், நடுவே ஒரு சரக்கு ரயிலை அனுப்பிவிட்டார்கள். வந்ததும் "எடு வண்டியை" என்றார் தலைவர். முன்னால் சரக்கு வண்டி இன்னும் போய்ச் சேரவில்லை என்று அவரிடம் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இல்லை.

பாதி வழியில், சக்கரச் சத்தத்தை வைத்து, அடுத்த சிக்னல் நெருங்குகிறது என்று சித்தப்பா ஊகித்தார். தரையில் இருந்தபடியே கேட்டார்: "சிக்னல்?"

தலைவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பச்சை! நான் வர்ற வழியில வேற என்ன கலர் இருக்கும்?"

"பச்சை," என்று சித்தப்பா திருப்பிச் சொன்னார்.

இருபத்தெட்டு வருடமாக, மேலே ஒரு குரல் நிறத்தைச் சொன்னால் நம்பிப் பழகிய உடம்பு அது. சொல்லிவிட்டுப் பெடலை அழுத்திய பிறகுதான் உறைத்ததாம், பார்க்காமல் பதில் சொல்லிவிட்டோமே என்று. கையை ஊன்றி எழுந்தார். மெய்க்காவலர் தோளை அமுக்கினார். உதறிவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபோது தலைவர் பச்சை என்ற சிக்னல் மஞ்சளாகக் கடந்து போய், அடுத்தது சிவப்பாக எதிரே நின்றது. பிரேக்கை முழுவதும் இழுத்தார்.

வண்டி சிவப்பைத் தாண்டித்தான் நின்றது. முன்னால் நின்ற சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டிக்கும் இதற்கும் இடையே பதினாலு அடி. சித்தப்பா பிறகு இறங்கி, காலால் அளந்து பார்த்தார்.

தலைவர் இருக்கையிலிருந்து உருண்டு, சற்றுமுன் சித்தப்பா படுத்திருந்த இடத்தில் கிடந்தார். மூக்கில் ரத்தம். பின்னால் பிள்ளைகள் அலறும் சத்தம் கேபின்வரை கேட்டது. தலைவர் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "கேமராவ நிறுத்து."

மாலைச் செய்தியில் மூக்கில் கட்டோடு வந்தார். ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டாராம். ஆபத்தைக் கண்ட தலைவர் பாய்ந்து பிரேக்கை இழுத்தாராம். இருநூறு குழந்தைகள் பிழைத்தார்களாம். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மெய்க்காவலரின் முழங்கை பட்டு வீங்கிய தாடையில் சித்தப்பா ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"பொய்யப் பாருங்களேன்!" என்றாள் சித்தி. "வாய் கூசாம பேசறான்!"

"தப்பு என்னோடதும்தான்," என்றார் சித்தப்பா.

"நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

"அந்தாள நம்பிட்டேன்."

மறுநாள் விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். மெதுவாகப் பேசும் ஆள். டீயை ஊதி ஊதிக் குடித்தார். தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். தூங்கியதை ஒப்புக்கொண்டு, தலைவருக்கு நன்றி சொல்லும் வாக்குமூலம்.

"இதை உங்க சொந்த வார்த்தையில எழுதணும்," என்றார்.

"என் வார்த்தை வேறயா இருக்குமே சார்."

"இல்லைங்க. உங்க சொந்த வார்த்தை என்னன்னு இதுல போட்டிருக்கு."

சித்தப்பா சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பொண்ணு பட்டதாரியாமே? ஆசிரியர் வேலைப் பட்டியல்ல பேர் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நல்லது, நல்லது," என்றார். இரண்டாவது 'நல்லது' சொல்லும்போது அவர் பார்வை காகிதத்தின்மேல் இருந்தது.

எழுதினால் ஒரு மாதம் இடைநீக்கம், அதற்குப்பின் பழையபடி வண்டி. எழுதாவிட்டால் வழக்கு, சிறை. என் வேலையும் போகும். அவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் மூவருக்கும் கேட்டது.

அவர் போனபின் சித்தப்பா என்னைப் பார்த்தார். "என்ன பாப்பா சொல்ற?"

எழுத வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்குவரை வந்தது என்றுகூட இங்கே எழுதலாம். வரவில்லை. "வேற வழி இல்ல சித்தப்பா" என்றேன். அதோடு நிற்கவில்லை. அந்தக் காகிதத்தின் மொழி மோசமாக இருந்தது. ஒரு ஓட்டுநர் எழுதியதுபோலவே இல்லை. நான் உட்கார்ந்து அதை இயல்பாக்கிக் கொடுத்தேன். 'அசதியில் கண் செருகிவிட்டது' என்ற வரி என்னுடையது. எழுதியபோது, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் திருப்திகூட வந்தது. தலைவர்மேல் இருக்கும் அருவருப்பை எப்போது நினைத்தாலும் இந்தக் கணமும் கூடவே வந்து நிற்கிறது. சித்தப்பா அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. தலைவர் அந்த ஓட்டுநரை விளையாட்டரங்கில், மக்கள் முன்னால் மன்னிக்கப்போகிறார். சீருடையில் வர வேண்டும், கன்னத்தில் தட்டி மன்னிப்பாராம்.

"கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்," என்றார் சித்தப்பா. "கன்னத்தையும் காட்டணுமா?"

அன்று காலை கார் வந்தது. இறங்கிய இருவரும் வாசலில் நின்று, "கெளம்புங்க, நேரமாச்சு," என்றார்கள்.

சித்தப்பா பனியனோடு கதவருகே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வயித்தால போகுதுங்க. ராத்திரிலேர்ந்து. மேடையில ஏதாவது ஆயிடுச்சுன்னா எனக்கென்ன, தலைவருக்குல்ல கேவலம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் போனில் பேசிவிட்டு வந்தார். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த சித்தப்பாவின் சீருடையை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

மதியம் நேரலையில் பார்த்தோம். யாரோ ஒரு பருத்த மனிதர், சித்தப்பாவின் சட்டையில் திணிக்கப்பட்டு, மேடையில் நின்றார்.

"ஏங்க, அது உங்க சட்டை," என்றாள் சித்தி.

"பட்டன் தாங்காது, பாரு."

தலைவர் அந்த மனிதரின் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டு கேமரா எங்கே என்று பார்த்தார். அந்த மனிதர் மண்டியிட்டார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தலைவரின் விரலில் பட, தலைவர் விரலை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார். அரங்கமே எழுந்து நின்றது.

"நல்லா அழறான்," என்றார் சித்தப்பா. "அவன் வீட்ல என்ன சொல்லி மிரட்டினாங்களோ." பிறகு எழுந்து பின்பக்கம் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. காலையில் சொன்ன பொய் மதியம் உண்மையாகிவிட்டது என்று சித்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் அவரே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"வேண்டாம். இந்தத் தடவை நான் எழுதிக்கறேன்."

"என்ன எழுதறீங்க?"

"முந்தி எழுதிக் கொடுத்தத வாபஸ் வாங்கறேன். மன்னிப்பு வாங்கினது அந்தக் குண்டு மனுசன். அப்ப தூங்கினதும் அவனாத்தான இருக்கணும்? நான் தூங்கல."

அரைப் பக்கம்தான். தலைவர் பச்சை என்று சொன்னார். நான் பார்க்காமல் திருப்பிச் சொன்னேன், அது என் குற்றம். சிவப்பைப் பார்த்ததும் பிரேக் போட்டேன். தலைவர் பிரேக் போடவில்லை, அவர் கீழே கிடந்தார். இவ்வளவுதான். எழுத்துப் பிழைகள் ஏழெட்டு இருந்தன. நான் திருத்தவில்லை.

என் பணி ஆணை அந்த வாரத்தில் வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். "கொஞ்ச நாள் பொறுங்களேன்" என்று சொல்ல நினைத்தேன். அவர் என் முகத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. "இந்தா பாப்பா, நாளைக்குத்தான் கொடுக்கணும்னு இல்ல. நீ வேலையில சேந்தப்புறம்கூடக் கொடுக்கலாம். நீ சொல்லு," என்றார்.

அதுதான் தாங்க முடியவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"நாளைக்கே கொடுக்கலாம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன?" என்றார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் விசாரணை அலுவலகத்தில், கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் தாளைப் படிக்காமலே, "சாட்சிக் கையெழுத்து இல்லாம வாங்க முடியாது," என்றார்.

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அதில் யாரையாவது கேட்கலாமா என்று தேடினார். நான் பேனாவை எடுத்துப் பெயர் எழுதினேன்.

"பட்டத்தையும் போடு," என்றார் சித்தப்பா.

போட்டேன். எழுத்தர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அவர் படித்தது மறுநாளாக இருக்க வேண்டும். மறுநாள்தான் தெருமுனையில் எங்களைக் கண்காணிக்க ஒரு கார் வந்து நிற்கத் தொடங்கியது.

ஆசிரியர் நியமனப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. பத்து நாள் கழித்துச் சித்தப்பாவின் பணிநீக்க உத்தரவு வந்தது. அவர்கள் வழக்கு போடவில்லை, போட்டால் நடந்ததைச் சித்தப்பா நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார். உத்தரவில் காரணம் ஒரே வரி: 'நாட்டின் தலைவர் பெருந்தன்மையுடன் வழங்கிய மன்னிப்பை அவமதித்தது.'

சித்தப்பா இரண்டு தடவை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். தூக்கம் பற்றியோ, சிவப்பைத் தாண்டியது பற்றியோ எதுவும் இல்லை.

"அப்ப வண்டி ஓட்டத் தெரியாதவன்னு என்னை அனுப்பல," என்றார். "அதப் பாத்தியா?"

"பாத்தேன் சித்தப்பா," என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. உத்தரவை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.