ஆறரைக்கு மேல் யாரும் இல்லை

மார்க் போடுவதற்கு முன்னால் தம்பி பென்சிலைக் கடிப்பான். எடுத்த எடுப்பில் கடித்துவிட மாட்டான். முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் நெற்றியில் ஏற்றிவிடுவான். பிறகு பென்சிலின் பின்பக்கத்தைக் கடைவாய்க்குக் கொடுத்துவிட்டு, ஆடுகளத்தைப் பார்க்காமல் கூரையில் தொங்கும் விளக்குகளைப் பார்ப்பான். இந்த விளக்கு இன்னாருக்கு, அந்த விளக்கு அன்னாருக்கு என்று ஏதோ பங்கு பிரித்து வைத்திருப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதுவான். எழுதி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவான்.

இவ்வளவும் நடப்பது இடைவேளையில். ஆட்டத்தில் இன்னும் சரிபாதி மிச்சம் இருக்கும்.

மேல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குப் பத்திரிகைக்காரர்களின் வரிசை நன்றாகத் தெரியும். சொல்லப்போனால் அவள் ஆட்டத்தைப் பாதி பார்ப்பாள், தம்பியைப் பாதி பார்ப்பாள். ஆட்டத்தில் அவள் மகன் ஆடுகிறான்; தம்பியோ அந்த மகனுக்கு மார்க் போடுகிறான். இரண்டில் எதைப் பார்த்தாலும் வயிறு எரியும்.

தம்பிக்குச் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம். சொந்த ஊர் கூடைப்பந்து அணி ஆடி முடித்த மறுநாள், ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதுவான். வேலைக்குச் சேர்ந்து தலை நரைத்த இந்த நாள் வரைக்கும் எவனுக்கும் ஆறரைக்கு மேல் போட்டதில்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ஆறரை. "ஆறரை வந்தாச்சா?", "ஆறரை சாப்பிடப் போயிருக்கு" என்று காது படவே பேசுவார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

"ஏழு போட்டா அப்புறம் எட்டு கேப்பான். எட்டு போட்டா ஆடவே மாட்டான்" என்பான்.

ஆடுவதைப் பற்றி இவன் பேசுவதுதான் அக்காவுக்குத் தாங்காது. பள்ளிக்கூடத்தில் இவனை அணியில் சேர்த்து முதல் நாளே கழற்றிவிட்டார்கள். பந்து வந்தால் பிடிக்க மாட்டான், குனிந்துகொள்வான். சரி, பலகையில் புள்ளியாவது எழுதட்டும் என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். அன்று உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பெண்ணுக்கு, காப்பிக்கு, சோபா உறைக்கு என்று தனித்தனியாக மதிப்பெண் சொல்லிவிட்டு வந்தான். கொஞ்ச நாளில் பெண் வீட்டுக்காரர்கள் இவனுக்கு மார்க் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது தொட்டிலில் எட்டிப் பார்த்து, "மூக்கு பரவாயில்ல. மொத்தத்துல நாலு" என்றான். மாமன் என்று ஒருத்தன் சொல்கிற பேச்சா அது? அதே நாலைத்தான் முப்பது வயது தாண்டிய அந்தப் பிள்ளைக்கு இன்னமும் போட்டுக்கொண்டிருக்கிறான். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம்.

மகனை ஆடுகளத்தில் கட்டை என்று கூப்பிடுவார்கள். கூடைப்பந்தில் குள்ளமானவன் பிழைப்பதே பெரும்பாடு. இவன் ஓட்டத்தாலும் கையின் வேகத்தாலும் பிழைத்துக்கொண்டிருந்தான். இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. திங்கட்கிழமை கிளப் முதலாளியைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் கை விரித்துவிட்டால், இந்த வயதில் இந்த உயரத்தை வேறு எந்த கிளப்பும் வாசலில்கூட நிற்க விடாது.

முதலாளிக்கு டயர் வியாபாரம். ஆட்டம் பார்க்க வருவார். வந்து போனில் பேசிக்கொண்டிருப்பார். ஒருமுறை பேட்டி எடுக்கப் போன தம்பி, அவர் மேசைமேல் ஒரு தட்டில் தன் மார்க் பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டி அடுக்கி வைத்திருந்ததைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது.

"அக்கா, ஒப்பந்தமெல்லாம் என் மார்க்கை வச்சுத்தான் போடறாங்க. வெளிய சொல்லிடாத" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அக்காவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவள் மருந்துக் கடையில் கல்லாவில் உட்காருபவள். முதலாளிகள் எதை வெட்டி எதை அடுக்குவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசி ஆட்டம் சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. இடைவேளை வரை கட்டை ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தம்பி விளக்குகளைப் பார்த்தான், எழுதினான், பென்சிலைச் செருகினான், போனான்.

இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதுமே எதிரணிக்காரனின் முழங்கை கட்டையின் புருவத்தில் இறங்கியது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் ஓடிவந்து பிளாஸ்திரி ஒட்டினார். ரத்தம் பட்ட சட்டையோடு ஆடக் கூடாது என்பது விதி. அணியின் பையைத் துழாவியதில் மாற்றுச் சட்டையென்று ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அணியிலேயே உயரமானவன், முழங்கால் பிசகி வீட்டில் படுத்திருந்த நெட்டையின் சட்டை, எண் பத்தொன்பது. ஐந்தாம் எண் ஆட்டக்காரர் இனிப் பத்தொன்பதாம் எண்ணில் ஆடுவார் என்று ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள். அப்பன் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி, தொடை வரை தொங்கிய சட்டையை இடுப்பில் திணித்துக்கொண்டு கட்டை மறுபடி இறங்கினான்.

இறங்கியவன் வேறு ஆள். பிடுங்கினான், கொடுத்தான், விழுந்தான், எழுந்தான். கடைசிக் கணத்தில் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, எதிரணிக்காரன் தட்டிக்கொண்டிருந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக் கூடையில் போட்டான். ஒரே புள்ளியில் வெற்றி. அரங்கமே கத்தியது. அக்காவும் சேர்ந்து கத்தினாள்.

கத்தலுக்கு நடுவிலும் பத்திரிகை வரிசையைப் பார்த்தாள். தம்பியின் நாற்காலி காலி.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவனைப் பிடித்தாள். உதட்டோரத்தில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது.

"எங்கடா போயிருந்த?"

"எங்கயும் போகல. கேன்டீன் டிவியில பார்த்தேன். அங்கதான் ஆட்டம் தெளிவா தெரியும். இங்க ஒரே சத்தம்."

காப்பி இயந்திரத்துக்கு மேலே தொங்குகிற அந்த டிவியை அக்காவுக்குத் தெரியும். அதில் ஆட்கள் கட்டை விரல் உயரத்துக்கு இருப்பார்கள். முகம் தெரியாது, சட்டை எண் மட்டும் தெரியும்.

"சரி, பார்த்தல்ல? திங்கக்கிழமை அவன் முதலாளியப் பார்க்கணும். நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இன்னைக்காவது நியாயமா போடு."

"நியாயமாத்தான்க்கா போடுவேன். இடைவேளைக்கு அப்புறம் உன் பிள்ளை எங்க போனான்னே தெரியல. பயந்து உக்காந்துட்டானா?"

அக்கா வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், பத்தொன்பதாம் நம்பர்ல ஆடினது யாருன்னு..."

"அக்கா! நீ மாத்திரைய எண்ணு, போதும். ஆட்டக்காரனை எண்ண எனக்குத் தெரியும்." வண்டியை உதைத்துக் கிளப்பினான். "பத்தொன்பது பிரமாதம். அது மட்டும் சொல்றேன்."

போன் செய்து பார்த்தாள். அணைத்து வைத்திருந்தான். மார்க் எழுதும்போது யார் பேச்சும் காதில் விழக் கூடாது என்பது அவன் விரதம். பக்கத்தில் இருக்கிறவர்களாவது சொல்லக் கூடாதா என்றால், ஆறரையின் பத்தியில் யாரும் கை வைப்பதில்லை. நெட்டைக்கு முழங்கால் பிசகிய செய்தி இவனுடைய செய்தித்தாளிலேயே, இவனுடைய பத்திக்குக் கீழேயே வந்திருந்தது. அதை இவன் படித்திருக்க வேண்டுமே! செய்தி நிருபர்களுக்கு, தீர்ப்பு தனக்கு என்று பிரித்து வைத்திருப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் வந்தது.

"எண் 5: மூன்று. இடைவேளைக்குப் பிறகு ஆளையே காணோம். நெருக்கடியில் ஒளிந்துகொள்பவருக்கு இந்த அணியில் என்ன வேலை?"

"எண் 19: ஆறரை. அணியைத் தூக்கி நிறுத்தியவர். உயரம் என்றால் என்ன என்று காட்டினார். குள்ளமானவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்."

முதலில் கூப்பிட்டவன் நெட்டைதான். "அம்மா, காலைத் தலகாணி மேல தூக்கி வச்சுப் படுத்திருந்ததுக்கே ஆறரை குடுத்திருக்காரு. நான் எழுந்து நின்னா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க." அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. மகனும் சிரித்தான். ஆனால் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கும்போது தட்டில் சிந்திக்கொண்டான். நாளைக்குத் திங்கட்கிழமை.

மதியச் சாப்பாட்டுக்கு ஞாயிறு தவறாமல் வரும் தம்பி அன்றும் வந்தான். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டுக் கிழித்திருப்பார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நெஜமாவே சட்டை மாத்தினானா?"

அக்கா உள்ளே போனாள். குளியலறையிலிருந்து பக்கெட்டைத் தூக்கிவந்து அவன் காலடியில் வைத்தாள். உப்புத் தண்ணீரில் ஐந்தாம் எண் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கச் சிவப்பு.

"சட்டை மாத்தினா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"மைக்குல சொன்னாங்க."

"அந்த மைக்குல என்ன பேசறாங்கன்னு எவனுக்குப் புரியுது?"

"கேன்டீன்ல வாய் நிறைய ரொட்டி இருந்தா புரியாதுதான். நெட்டை இவனைவிட ரெண்டு முழம் உசரம்டா. குருடனுக்குக்கூட நிழலு தெரியும்."

"நான் உருவத்தப் பார்க்கறதில்ல. ஆட்டத்தப் பார்க்கறேன்."

சுவரோரம் நின்ற மகன் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே, "விடுங்க மாமா, சாப்பிடுங்க" என்றான்.

"திருத்தம் போடச் சொல்லிட்டாங்க" என்றான் தம்பி. "போடறேன். தப்புன்னா ஒத்துக்கறவன் நான்."

"என்ன போடப் போற?"

கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். நெற்றிக்கு ஏற்றினான். பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கடித்துக்கொண்டு, அக்கா வீட்டுக் கூரையில் இருந்த ஒரே குழல்விளக்கை வெகுநேரம் பார்த்தான்.

"இடைவேளை வரைக்கும் மூணு. அதுக்கப்புறம் ஆறரை. சராசரி எடுத்தா நாலே முக்கால். முக்கால் போடற வழக்கம் எனக்குக் கிடையாது. நாலரை."

அக்கா சோற்றுக் கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ஆட்டத்த ஜெயிச்சுக் குடுத்தவனுக்கு நாலரை. படுத்துக் கெடந்தவனுக்கு ஆறரை. நல்லா இருக்குடா உன் தராசு! அவன் பொழப்பு நாளைக்கு அந்தத் துண்டுக் காகிதத்துலதான் நிக்குதுன்னு நீயே சொல்லிட்டு, அதுலயும் கால் மார்க்கைத் திருடற பாரு, நீ மனுஷனா?"

"சொந்தக்காரன்னு ஏத்திப் போட்டேன்னு பேச்சு வரும்க்கா."

"உன்னை யாருடா அவ்வளவு பேசறாங்க? ஆறரைன்னு சொல்லிச் சிரிக்கறதுக்கே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கு."

தம்பி குழம்புப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தான். குழம்பை இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டான். கை கழுவிவிட்டு, உப்பு கொஞ்சம் கூடுதல் என்றும் சொன்னான்.

திங்கட்கிழமை பேப்பரில் திருத்தம் நாலரை என்றே வந்தது. அக்கா அன்று கடையில் யாரோ கேட்ட இருமல் மருந்துக்கு வயிற்றுவலி மருந்தைக் கட்டிக்கொடுத்து, படி இறங்கியவரை ஓடிப்போய் மறித்து வாங்கிவந்தாள். மத்தியானம் மகன் கடை வாசலில் வந்து நின்றான். கையில் ஒப்பந்தம். இன்னும் இரண்டு வருடத்துக்கு. அக்கா கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதாள். கடைக்கு வந்தவர்கள் பயந்து என்ன வியாதி என்று கேட்டார்கள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். குரலில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பார்த்தியா? நாலரைய பார்த்துட்டுத்தான் கையெழுத்து போட்டிருக்காரு. ஏழு போட்டிருந்தா நம்பியிருக்க மாட்டாரு. நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அன்றைக்கு அவளுக்கு வாய்ச்சண்டைக்குத் தெம்பில்லை. சரிடா என்று வைத்துவிட்டாள். அடுத்த பருவம் தொடங்கியது. தம்பி பழையபடி இடைவேளையில் விளக்குகளைப் பார்த்தான். நெட்டைக்குக் கால் சரியாகி ஆட வந்த முதல் நாளே மூன்று போட்டான்.

ஒப்பந்தம் முடிவானது எப்படி என்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, பிளாஸ்திரியும் தொங்கு சட்டையுமாகக் கட்டை உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தபோதே பயிற்சியாளர் முதலாளியிடம் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை நடந்தது வெறும் கையெழுத்து. அன்று முதலாளி உள்ளறையில் போன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மகன் அந்தத் தட்டிலிருந்த காகிதங்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறான். இன்னொன்றையும் திருப்பியிருக்கிறான். எல்லாத் துண்டுகளிலும் மார்க்குக்குப் பின்பக்கம் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது. முதலாளி கட்டங்களை நீலப் பேனாவால் நிரப்பியிருந்தார். விடை தெரியாத கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன.