நாற்பத்தெட்டு நாள் மூக்கு விரதம்

ரோட்டர்டாமில் எனக்குச் சம்பளம் தருவது மற்றவர்களுடைய மூக்குகளைக் கவனித்துக்கொள்வதற்காக. ஊரில் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை இதுதான். காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஆய்வகத்துக்கு ஆறு பேர் வருவார்கள். ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர், பள்ளி நூலகர், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக சைக்கிளில் வந்து இறங்கும் வில்மா அம்மாள் என்று எல்லாரும் சாதாரண ஆட்கள். ஒரு இயந்திரத்தின் முன் வரிசையாக உட்கார்ந்து, குழாயில் மூக்கை வைத்து முகர்ந்து, வாடை தெரிந்தால் பொத்தானை அழுத்துவார்கள். துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து பையில் பிடித்து வந்த காற்று அது. எத்தனை மடங்கு சுத்தக் காற்றைக் கலந்த பிறகும் அது நாறுகிறது என்பதை வைத்து நாற்றத்துக்கு ஓர் எண் கொடுப்போம். மனித மூக்குக்கு ஈடான கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை. ஆகவே அந்த மூக்குகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வருகிற நாளில் வாசனைத் திரவியம் பூசக் கூடாது, பூண்டு சாப்பிடக் கூடாது, வந்த பிறகு காபி கேட்கக் கூடாது. இவற்றையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் டாக்டர் நான். இதற்காக இருபத்திரண்டு வருடம் படித்திருக்கிறேன்.

எல்லா மூக்கும் இந்த வேலைக்கு ஆகாது. முதலில் ஒரு தேர்வு வைப்போம். மந்தமான மூக்குகளைக் கழித்துவிடுவோம். அதைவிட முக்கியமாக, வெறும் காற்றைக் கொடுத்தாலும் நாறுகிறது என்று பொத்தானை அழுத்துகிறவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவர்கள் மூக்கால் முகர்வதில்லை, மனத்தால் முகர்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் பாடம் எடுப்பேன். இந்த வரியை டச்சு மொழியில் சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை வரும்.

வில்மா அம்மாள் ஒருநாள் என் சொந்த ஊரைப் பற்றி விசாரித்தார். சென்னையின் வடக்கே, எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் என்றேன். அங்கே என்ன வாசம் வரும் என்று கேட்டார். கந்தகம், அம்மோனியா, கேஸ், சாம்பல், மீன் என்று நான் விரல்விட்டு எண்ணினேன். அவர் கண்கள் விரிந்தன. "சின்ன வயதிலேயே இத்தனையும் முகரக் கற்றுக்கொடுத்தார்களா? உங்கள் அரசாங்கத்துக்கு நல்ல தொலைநோக்கு" என்றார். மறுக்க எனக்கு டச்சு மொழி போதவில்லை. போதுமானதாக இருந்திருந்தாலும் மறுத்திருப்பேனா தெரியவில்லை.

கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் ஒருவகையில் பொய் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வேதியியல் ஆசிரியர் கேட்ட கேள்வி நினைவிருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடின் மணம் யாது? அழுகிய முட்டை என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக அதே அழுகிய முட்டை வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, முதல் பெஞ்சைப் பார்த்துக் கை காட்டினார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து விடையை எழுதினேன். புத்தகத்தில் இருக்கிற வாயுவும் ஜன்னலில் வருகிற வாயுவும் ஒன்றா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு மதிப்பெண் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, படிப்பின் பயனை ஒரே வரியில் சொல்லிவைத்திருந்தார். "நல்லா பட்சிட்டு இந்த நாத்தத்த வுட்டு வெளிய போய்டு நைனா." நான் போய்விட்டேன். அப்பா நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிக தூரமே போய்விட்டேன்.

போகாமல் இருந்தவள் என் அக்கா செல்வி. எங்கள் தெருவிலேயே அங்கன்வாடி நடத்துகிறாள். இருபது பிள்ளைகள், ஓர் ஆயா, ஒரு சுவர் முழுக்கப் பதிவேடுகள். வருகைக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று. பதிவேட்டில் ஏறாத எதுவும் நடந்ததாகவே ஆகாது என்பது அவள் உத்தியோகம் கற்றுத்தந்த பாடம். காற்று ஒரு பக்கமாக அடிக்கும் நாட்களில் பிள்ளைகள் தலைவலி என்று சுருண்டு படுப்பதும் சோற்றைக் கக்குவதும் அதிகமானபோது, அவள் வேறெதுவும் யோசிக்காமல் இன்னொரு பதிவேடு தொடங்கினாள். நாள், மணி, காற்றின் திசை, என்ன வாடை, எத்தனை பிள்ளைக்கு வாந்தி. எந்தக் கம்பெனி என்ற பத்தி அதில் இல்லை, அது தன் வேலை இல்லை என்று விட்டுவிட்டாள். ஆறு மாதம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு இதற்கான அலுவலகம் ஒன்றுக்குப் போனாள். நேரில் வந்து காற்றைச் சோதிக்க வேண்டும், இதுதான் அவள் கேட்டது. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். பொதுமக்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, படித்த நிபுணர் ஒருவர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்கா எனக்கு போன் செய்தாள். "டேய், நீ நாத்தத்துக்குத்தான பட்ச்ச. ஒரு கையெழுத்து போட்டுக் குடுடா. புள்ளைங்க வாந்தி எடுத்துகினு கீதுங்க."

ரோட்டர்டாமில் ஓர் அம்மாள், துணி காயப்போட்ட இடத்தில் வெங்காயம் வேகிற வாடை வருகிறது என்று சொன்னால், காற்றைச் சோதிக்க ஒரு வண்டி கிளம்பிப் போகிறது. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மாளை யாரும் கேட்பதில்லை. இதை நாள்தோறும் பார்க்கிற நான் என் அக்காவுக்கு என்ன செய்தேன் என்றால், நோட்டைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, பதினேழு குறைகள் எழுதி அனுப்பினேன். முகர்ந்தவர்களுக்குத் தேர்வு வைக்கவில்லை. ஒரே ஆளின் மூக்கை நம்ப முடியாது. பூண்டு, கருவாடு, பூ, பவுடர், ஊதுபத்தி விலக்கப்படவில்லை. 'பூனை மூத்திரம் மாதிரி' என்பது அறிவியல் சொல் அல்ல. இப்படி நான்கு பக்கம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். ஆய்வகத்தின் பெயரோடு என் பெயர் ஏதாவது வம்பில் மாட்டினால் என்ன ஆவது என்ற பயம். அதை நேராகச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் முறையியல் என்று சொன்னேன். படித்தவனுக்கு இந்த வசதி உண்டு. அக்கா இதைப் படித்துவிட்டுச் சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவளுக்கு மேலிடத்திலிருந்து வருகிற உத்தரவுகளைப் படித்துப் பழக்கம். பதினேழையும் ஒன்று விடாமல் நிறைவேற்றினாள். தெருவில் பத்துப் பெண்களைக் கூட்டினாள். அங்கன்வாடி பினாயிலில் ஒரு மூடி எடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு மக் எடுத்து அடுத்த பக்கெட்டில் ஒன்பது மக் தண்ணீரோடு சேர்த்து, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசை செய்தாள். நடுநடுவே வெறும் தண்ணீர். எது எங்கே இருக்கிறது என்று அக்காவுக்கே தெரியாதபடி ஆயா இடம் மாற்றிவைத்துத் துணி போட்டு மூடினார். வாடை வருகிற பக்கெட்டுக்குக் கை தூக்க வேண்டும். பத்தில் நான்கு பேர் கழிக்கப்பட்டு ஆறு பேர் தேறினார்கள். நாங்கள் லட்சக்கணக்கான யூரோ இயந்திரத்தில் செய்வதும் இதுதான், எங்களுடையதில் விளக்கு எரியும்.

ஒரே ஒரு இடத்தில் அவர்கள் தவறு செய்தார்கள். கருவாடு, பூண்டு, பூ, பவுடர் கூடாது என்று எழுதிய நான், எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. அன்றைக்கு மட்டும் என்பது எங்கள் வழக்கம். அவர்கள் ஒரு மண்டலம் என்று எடுத்துக்கொண்டார்கள். விரதம் என்றால் நாற்பத்தெட்டு நாள்தானே. மீன் வலை காயும் தெருவில் ஆறு வீடுகளில் கருவாட்டுச் சட்டி கவிழ்ந்தது. அம்மனுக்கு வேண்டுதல் என்று நினைத்து ஆண்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். விஷயம் தெரிந்த பிறகு, ஒருவர் மட்டும் கருவாட்டுக் குழம்பைத் தானே வைத்துக்கொண்டு தெருக்கோடியில் போய் நின்றபடியே சாப்பிட்டாராம். ஆறு பேரில் ஒருவரான ஸ்டெல்லா, தங்களுக்குத் தவக்காலம் நாற்பது நாள்தான் என்றும் மீதி எட்டு நாள் செல்விக்காக என்றும் சொல்லியிருக்கிறார். தலையில் பூ இல்லாமல், முகத்தில் பவுடர் இல்லாமல், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை அங்கன்வாடி வாசலில் நின்று முகர்ந்து கை தூக்கினார்கள். நாற்பத்தெட்டு நாள் பதிவேடு எனக்கு வந்தது. மனிதர்கள் அறிவியலை இவ்வளவு பக்தியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆய்வகத் தலைவி மாரைக் என்பவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்றார். வாடிக்கையாளர் யார் என்று கேட்டார். யாரும் இல்லை, என் அக்கா என்றேன். அக்கா எந்தப் பல்கலைக்கழகம் என்றார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் என்று விளக்கினேன். அப்படியானால் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சியா, பெற்றோர் சம்மதம் வாங்கினீர்களா என்று அவர் பதறிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "சரியாக இருந்தால் கையெழுத்துப் போடு, இதற்கு என்னை ஏன் கேட்கிறாய்?" என்றார். என் பயம் அத்தோடு வேலை இல்லாமல் நின்றது. நகல் செல்லாது, மையில் போட்ட அசல் கையெழுத்துதான் செல்லும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்ததால், விடுப்பு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஊரில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காருவதற்கு முன்பே அக்கா பக்கெட்டுகளைக் காட்டினாள்.

"இன்னாக்கா இது?"

"இங்க நின்னு மோந்து பாக்குற எல்லாருக்கும் டெஸ்ட் கீது. நீதான எழுதி அனுப்ன."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐந்து பக்கெட். குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஐந்திலும் வாடை அடித்தது, ஐந்துக்கும் கை தூக்கினேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாவது வெறும் தண்ணி டாக்டரு" என்றார் ஸ்டெல்லா. "இன்னொரு தபா நல்லா மோந்து பாரு நைனா."

மறுபடி குனிந்தேன். சத்தியமாக நாறியது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து எனக்கு எல்லாமே நாறிக்கொண்டுதான் இருந்தது. ஆட்டோ, துண்டு, தலையணை, அக்கா கொடுத்த தண்ணீர், எல்லாம். நாறும் என்று முடிவு செய்துகொண்டே வந்திருக்கிறேன் போல. புதியவர்களுக்கு நான் எடுக்கிற பாடம் நினைவுக்கு வந்து காது சூடாயிற்று. நான் பிறந்த தெருவில், நான் வகுத்த விதிப்படி, என் மூக்கு தோற்றுவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா பதிவேட்டைத் திறந்து, தகுதி பெறாதவர்கள் என்ற தலைப்பின் கீழே, ஏற்கனவே கழிக்கப்பட்ட நான்கு பெண்களுக்கு அடுத்து, ஐந்தாவதாக என் பெயரை எழுதினாள். அவர்கள் போட்டிருந்த மாதிரியே நானும் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை காற்று திரும்பியது. ஆறு கைகளும் ஏறக்குறைய ஒன்றாக மேலே போயின. உள்ளே ஒரு பிள்ளை இருமத் தொடங்கியது. எனக்கும் வாடை அடித்தது. ஆனால் என் கையைத் தூக்க எனக்கு உரிமை இல்லை, அவர்கள் தூக்கிய பிறகுதான் என் மூக்கை நானே நம்பினேன். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அன்றைய பதிவையும் சேர்த்து எல்லாவற்றையும் சரிபார்த்து, கடைசிப் பக்கத்தில் சான்றுரை எழுதி, பட்டங்களோடு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகத்தில் அந்த அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார். சான்றுரையைப் படித்துவிட்டு முன்னால் புரட்டினார். பிறகு மறுபடி பின்னால் வந்தார்.

"சார், இங்க தகுதி பெறாதவர்னு உங்க பேரு இருக்கு. கடைசில நிபுணரும் நீங்கதான். ரெண்டும் ஒரே ஆளா?"

"ஆமாம்" என்றேன்.

"ஃபெயில் ஆனவர் சான்று குடுத்தா செல்லுமான்னு மேல கேப்பாங்களே?"

அக்கா குறுக்கிட்டாள். "அதான் சார் செல்லும். சொந்தத் தம்பின்னு கூடப் பாக்காம கழிச்சிட்டோம்னா, மிச்சம் ஆறு பேரு எப்டின்னு பாத்துக்கோங்க."

அதிகாரி தகுதி பெறாதவர்கள் பக்கத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். பத்து நாளுக்குள் கருவியோடு ஆள் வந்து அங்கன்வாடி வாசலில் வைத்துச் சோதிப்பார்கள் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

"ஒரே ஒரு ஃபார்மாலிட்டி சார்" என்று அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு தமிழ்ல போட்டிருக்கீங்க, ஒண்ணு இங்கிலீஷ்ல. ரெண்டும் ஒரே நபர்தான்னு ஒரு உறுதிமொழி எழுதிடுங்க."

முந்நூறு பக்க ஆய்வேடு எழுதிய கை. தகுதி பெறாதவர் என்றும் நிபுணர் என்றும் இதில் குறிக்கப்பட்டுள்ள இருவரும் ஒருவரே என்று வரை எழுதிவிட்டேன். 'உறுதியளிக்கிறேன்' என்ற ஒரு சொல்தான் பாக்கி, பேனா நகரவில்லை.

"இன்னாடா யோசிச்சிகினு கீற? பன்னண்டு மணிக்குப் புள்ளைங்களுக்குச் சோறு போடணும்" என்றாள் அக்கா.

எழுதி முடித்தேன். கையெழுத்தை எந்த மொழியில் போடுவது என்று அதிகாரியைக் கேட்டேன். அவர் பதிவேட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு, இரண்டையும் போட்டுவிடுங்கள் என்றார். நான் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சியாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.