மைக்கில் சொன்னது மைக்கில்தான்

பஞ்சவர்ணத்துக்கு மறதி என்பது பிறவியிலேயே கிடையாது. பாடாலூர் நெடுஞ்சாலை ஓரம் அவள் போட்டிருக்கும் டிபன் கடையில், மூன்று வருஷத்துக்கு முன்னால் சட்னி புளிக்கிறது என்று முகம் சுளித்துவிட்டுப் போன லாரி டிரைவரைக்கூட இன்றைக்கும் அடையாளம் கண்டுபிடிப்பாள். அந்த ஆளுக்கு மட்டும் தோசை கொஞ்சம் சின்னதாக விழும். சட்னிக்கே இந்தக் கணக்கென்றால் தர்மராஜை அவள் சும்மா விடுவாளா?

ஊரே தர்மராஜை அவர் இவர் என்றுதான் பேசும். இருபது ஏக்கர் நிலம், இரண்டு டிராக்டர், கோயில் கமிட்டித் தலைமை, எல்லாம் இருக்கிற மனுஷன். பஞ்சவர்ணமும் ஒரு காலத்தில் வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அந்த அண்ணன் முறை போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் மனசில் அவன் இப்போது வெறும் அவன்தான். நாமும் அவள் பக்கத்திலிருந்து கதை சொல்வதால் அப்படியே சொல்லிவிடுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் செல்லியம்மன் திருவிழாவில் அம்மன் தாலி காணாமல் போனது. அன்றைக்குக் கோயிலைக் கூட்டிக் கழுவிவிடும் முறை பஞ்சவர்ணம் வீட்டுக்கு. சாவி விடியற்காலையிலிருந்து அவள் இடுப்பில்தான் இருந்தது. தர்மராஜ் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மைக்கைப் பிடித்தான்.

“அம்மன் தாலியக் காணும்ங்க. சாவி செல்லமுத்து சம்சாரம் பஞ்சவர்ணத்துக்கிட்டதான் இருந்திச்சு. எடுத்தவங்க மரியாதையா பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வச்சிருங்க.”

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னான். கம்பத்தில் நாலு திசைக்கும் புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. காற்றும் அன்றைக்கு அவன் பக்கம்தான். சுற்றிலும் நாலு ஊரில் காது உள்ளவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பதினோராம் நாள், அம்மனுக்குச் சாத்திக் களைந்த பட்டுச்சேலையைப் பூசாரி உதறி மடிக்கும்போது தாலி மடிப்பிலிருந்து விழுந்தது. சேலையோடு சேர்த்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்தது அவர்தான். அன்று பொழுதோடு தர்மராஜ் அவள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றபடியே, கெடச்சிருச்சும்மா, வுடு என்றான். மைக்கில் சொல்லுங்கள் அண்ணே என்றாள் இவள். இதற்காக ஒரு தடவை மைக் செட்டுக் கட்ட முடியுமா, அடுத்த வருஷத் திருவிழாவில் பார்ப்போம் என்றான். அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மைக்கில் அவன் கூழ் ஊற்றுகிறவர்கள் பேரையெல்லாம் வாசித்தான். இவள் பேரை மட்டும் வாசிக்கவில்லை.

பழி நாலு ஊருக்குப் போனது. உண்மை நாலு வீட்டைத் தாண்டவில்லை. அந்த ஆவணியில் மகள் சுவாதிக்குப் பூ வைத்துவிட்டுப் போன விக்கிரமங்கலத்து மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிச் சம்பந்தம் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டதற்கு, கேள்விப்பட்டோம் என்ற ஒரே வார்த்தைதான். சுவாதி இப்போது பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். வயது இருபத்தேழு. அந்தச் சம்பந்தம் போன பிறகு பெண் பார்க்கிற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டும் செல்லமுத்து, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, வுட்டுத் தள்ளு புள்ள என்று சொல்லிவிட்டுத் தூங்குகிற ஆள். பஞ்சவர்ணம் விட்டுத் தள்ளவில்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள். அங்கே சாமியிடம் வாயால் வேண்டிக்கொண்டால் போதாது. குறையைத் தாளில் எழுத வேண்டும். நம் ஊர் அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, சாமி வந்துபோகும் செலவாக அதற்குத் தகுந்தாற்போல் படிக்காசும் கட்ட வேண்டும். தாளைச் சாமி காலடியில் வைத்து எடுத்து முனியப்பர் முன்னால் கட்டுவார்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு வரும் என்பார்கள். குறை தீர்ந்தால் மறக்காமல் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டினவர் மேலேயே திரும்பும்.

தொண்ணூறாம் நாள் தர்மராஜ் புது டிராக்டர் எடுத்தான். அதற்கு மாலை போட்டுச் சந்தனம் பூசி அவள் கடை வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனான். சாமியும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார் போல என்று வாய்விட்டே சொன்னாள் பஞ்சவர்ணம். சொன்ன பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த வருஷம் மாசி பிறந்ததும், மக்காச்சோளம் ஒடித்து முடித்துக் கட்டை நிற்கிற தர்மராஜின் நிலத்தைச் சென்னைப் பிள்ளைகள் சிலர் ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். பங்க் ராக் என்றார்கள். சென்னை, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து எட்டுக் குழுக்கள் காலை பத்து மணி முதல் மாலை ஆறு வரை வெட்டவெளியில் பாடுமாம். ஊருக்கு அது புரியவில்லை. ஏதோ கச்சேரி, கிறுக்குப் பிள்ளைகள் கத்துவார்கள் என்று மட்டும் தெரிந்தது.

நிலம் பார்க்க வந்த மேகலா என்ற பாடகி பஞ்சவர்ணம் கடையில் ஆறு தோசை தின்றுவிட்டு, பாடுகிறவர்கள், மேடை கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நீங்களே சமைத்துப் போடுங்கள் அக்கா என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தலையில் ஒரு பக்கம் முடி இல்லை, மறுபக்கம் பச்சையாக இருந்தது. தர்மராஜ் மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லத்தான் பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். அதற்குள் மேகலா, நாலு மணிக்கு நிலம் கொடுத்தவருக்கு மேடையில் சால்வை போடுகிறோம் என்றாள். பஞ்சவர்ணம் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

கச்சேரிக்கு முதல் நாள் அவள் செல்லியம்மன் கோயிலுக்குப் போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் புனல் கட்டியிருந்த கம்பத்தடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சால்வை தோளில் விழுகிற நேரம் அந்த மண்ணை அவன் தலையில் வாரித் தூற்றி, நீ நாசமாகப் போக என்று சாபம் விடுவது என்பது அவள் திட்டம். அதைச் செய்தால்தான் நெஞ்சு ஆறும் என்று நம்பினாள்.

மறுநாள் காலையிலேயே நிலம் நிறைந்துவிட்டது. கிழிந்த கால்சட்டையும், மூக்கிலும் புருவத்திலும் வளையமும், அந்த வெயிலில் கறுப்புச் சட்டையுமாக ஆயிரம் பிள்ளைகளுக்குக் குறையாது. கம்பி வேலிக்கு வெளியே நாலு ஊர்ச் சனமும் குடையோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றது. பஞ்சவர்ணம் எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்குக் கேட்ட காதுகள் முக்கால்வாசி அங்கே இருந்தன.

லீவு போட்டுவிட்டு ஒத்தாசைக்கு வந்திருந்த சுவாதியும் அவளும் மேடைக்குப் பின்னால் கொட்டகையில் அடுப்பு மூட்டினார்கள். முதல் குழு ஆரம்பித்ததும் இட்லிக் குண்டான் மூடி தானாகக் குதித்தது. பாட்டு என்றால் ராகம் இழுக்க வேண்டாமா? இவர்கள் பாம்பைக் கண்டவர்கள் மாதிரி கத்தினார்கள். கீழே பிள்ளைகள் வட்டம் கட்டி ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். புழுதி கிளம்பியது. சண்டைதான் என்று அவள் கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தால், விழுந்தவனை நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தி, சட்டையைத் தட்டிவிட்டு, மறுபடி இடித்தார்கள். தள்ளிவிட்டால் தூக்கியும் விட வேண்டும் என்று இதுகளுக்காவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது மேகலாவின் தட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“யாரப் பாப்பா எல்லாரும் இந்தத் திட்டு திட்டுறீங்க?”

“ஆளாளுக்கு ஒருத்தர் இருக்காங்கக்கா. என்னோட பாட்டு, காலேஜ்ல ஒருத்தன் என்னைப் பத்தி இல்லாததைச் சொல்லிட்டுத் திரிஞ்சான், அவனைப் பத்தி.”

“பேரு சொல்லியா திட்டுற?”

“பேர் சொல்லித்தான். பேர் சொல்லலைன்னா அவனுக்கு எப்படி வலிக்கும்?”

பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்தாள். மண்ணை வாரித் தூற்றினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தாள். திருடி கத்துகிறாள் பார் என்பார்கள், இரண்டு பேர் பிடித்து இழுத்துப் போவார்கள், அவன் தலையைத் தட்டிவிட்டுச் சால்வையைச் சரிசெய்துகொள்வான். அவளிடமிருந்து அவன் பறித்தது மைக்கில் பறித்தது. முந்தானை மண்ணால் அது திரும்பி வராது. எனக்கும் ஒருத்தன் இருக்கிறான், ரெண்டு நிமிஷம் மைக் கொடு என்று கேட்டாள். மேகலா கதை கேட்கவில்லை. சால்வை போட்டு முடிந்ததும் எங்கள் பாட்டுதான், அதற்கு முன்னால் ஏறுங்கள் அக்கா என்றாள்.

நாலு மணிக்குத் தர்மராஜ் சலவை வேட்டியில் மேடை ஏறினான். சால்வை போட்டார்கள், நாற்காலி போட்டார்கள், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். எதிரே ஆயிரம் பேர் கைதட்டினார்கள். அடுத்துப் பஞ்சவர்ணம் ஏறினாள், சாம்பார் பட்ட சேலையோடு. காப்பி கொண்டு வருகிறாள் என்று நினைத்துத் தர்மராஜ் கையைக்கூட நீட்டினான். அவள் மைக்கை வாங்கினாள்.

“எம் பேரு பஞ்சவர்ணம். செல்லியம்மன் தாலிய நான் எடுத்துட்டேன்னு இந்தத் தர்மராஜ் மைக்கில சொன்னான். தாலி பதினோராம் நாளு அம்மன் சேலை மடிப்புலயே கெடச்சுது. அத இவன் மைக்கில சொல்லல. ஆறு வருசமா சொல்லல.”

அதையே இரண்டாம் தடவை சொன்னாள். தமிழ் தெரிந்த பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மூன்றாம் தடவை சொல்லும்போது டிரம்ஸ் அடிக்கிறவன் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடி கொடுத்தான். சொல்லு தர்மராஜ் என்று யாரோ ஆரம்பிக்க, தமிழ் தெரியாத பெங்களூர்க் கூட்டமும் சேர்ந்துகொண்டு கைமுட்டியை உயர்த்தி அதையே கத்தியது. வேலிக்கு வெளியே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பூசாரி பெண்டாட்டி லீலாவதி குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்து, நெசந்தான், எங்க வூட்டுக்காரருதான் மடிப்புலேர்ந்து கண்டெடுத்தாரு என்று உரக்கச் சொன்னாள். ஆறு வருஷம் அந்த வாய் எங்கே போயிருந்தது என்று பஞ்சவர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்துக்கொண்டாள்.

தர்மராஜ் எழுந்து இறங்கப் பார்த்தான். படிக்கட்டுக்குக் கீழே பிள்ளைகள். அவன்மேல் யாரும் விரலைக்கூட வைக்கவில்லை, வழியும் விடவில்லை. அவன் திரும்பி வந்து மைக்கை வாங்கினான்.

“தாலி கெடச்சிருச்சு. பஞ்சவர்ணம் எடுக்கல.”

“மூணு தடவ,” என்றாள் பஞ்சவர்ணம்.

மூன்று தடவை சொன்னான். கடைசித் தடவை குரல் உடைந்து மைக் கீச்சிட்டது. பிள்ளைகள் அதையும் பாட்டு என்றே நினைத்துக் குதித்தார்கள். சால்வை நழுவி அவன் காலடியில் கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டிக்கொண்டு அவள் இறங்கினாள். நெஞ்சு குளிர்ந்துதான் போயிற்று. ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. முந்தானை முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

கொட்டகையில் சுவாதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு தாய் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஒம் பேரு திரும்பி வந்துருச்சும்மா,” என்றாள் மகள், தலையைத் தூக்காமல். “எனக்கு என்ன வந்துச்சு?”

பஞ்சவர்ணம் உட்கார்ந்து தானும் ஒரு குண்டானை எடுத்துத் தேய்த்தாள்.

இரண்டு நாளில் எல்லோர் போனிலும் அந்த வீடியோ ஓடியது. தர்மராஜ் கடை வழியாக வருவதை நிறுத்திச் சுற்றிக்கொண்டு போனான். பிறகு செல்லமுத்து மூலம் சொல்லி அனுப்பினான், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கொளஞ்சியப்பரிடம் கட்டிய பிராதை வாபஸ் வாங்கச் சொல்லு என்று. பஞ்சவர்ணம் மறுபேச்சுப் பேசவில்லை. நியாயம் நியாயம்தானே. திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு விருத்தாசலம் பஸ் ஏறினாள். போய்க் குளித்து, விளக்குப் போட்டு, கட்ட வேண்டியதைக் கட்டி முறைப்படி வாபஸ் வாங்கினாள். சாமியைச் சந்தேகப்பட்டதற்கு இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் அதே ஜன்னலுக்குத் திரும்பி வந்து புதிதாக ஒரு பிராதுத் தாள் கேட்டாள். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, யார் பேருக்கு என்றார். மக சுவாதி பேருக்கு என்றாள். யார் மேல் என்றார்.

“அதே ஆளுதாங்க,” என்றாள் பஞ்சவர்ணம். “கிலோமீட்டரும் அதேதான். எழுதிக்கிங்க.”