பெட்டிக்கு எடுத்த அளவு

மாரடைப்பில் போன அண்ணையின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. நானும் மச்சானும் குருநகரில் சவப்பெட்டி வாங்கப் போனோம். அண்ணையைத் தெரிந்த கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொண்ணைக்கும் உமக்கும் ஒரே உடம்புதானே? நேரா நில்லும்."

என் தோளையும் வயிற்றையும் நாடா வைத்து அளந்து கொப்பியில் எழுதினார்.

"உம்மடை பேரையும் போட்டு வைக்கிறன். பிறகு அளவெடுக்கத் தேவையில்லை."

மச்சான் சிரித்தே விட்டான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாளே ஓடத் தொடங்கினேன். டொக்டர் பத்து வருடம் கத்தியும் அசையாத உடம்பு இது. அந்தக் கடைக்காரரின் முகத்தில் கரி பூச வேண்டுமென்றே தினமும் அவர் கடை வாசலைத் தாண்டி ஓடுகிறேன்.

நேற்று அவர் கூப்பிட்டார்.

"நல்லா மெலிஞ்சிட்டீர். ஒருக்கா உள்ளை வாரும், திரும்ப அளப்பம்."