எஞ்சின் பார்த்த படலம்

மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்து, கையெழுத்துப் போட்டு, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகிவிட்டு வருவார். அதே லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அவரையே கூப்பிடுவார்கள். கதவை நெம்பித் திறந்தால் உள்ளே இருப்பவர்கள் நன்றி சொல்வதில்லை. "இவ்வளவு நேரமா?" என்றுதான் கேட்பார்கள். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. அக்கம்பக்கத்தாருக்கு அவர் லிஃப்ட்காரர். மைத்துனனுக்கு மட்டும் அத்தான்.

ஒரு தடவை அவரே மாட்டிக்கொண்டார். காலையில் தான் சோதித்து ஒப்புதல் கொடுத்த லிஃப்ட், மத்தியானம் அவரைச் சுமந்துகொண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அவசர மணியை அழுத்தினால் வர வேண்டிய ஆளும் அவர்தான். எதிரே சட்டத்துக்குள் அவருடைய கையெழுத்து, ஈரம்கூடச் சரியாகக் காயாமல். வேறு வேலை இல்லாததால் சான்றிதழை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தார். ஒரு குறையும் தென்படவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "லிஃப்ட்ல ஒரு தப்பும் இல்ல. ரொம்பப் பாதுகாப்பா நின்னுது."

இது வேடிக்கைப் பேச்சல்ல. நின்றுபோன லிஃப்டைப் போலப் பாதுகாப்பான லிஃப்ட் வேறில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஒரு கம்பிக்கயிறே தாங்கும் பாரத்துக்கு நாலைந்து போடுகிற தொழிலில் இருந்தவர். வீட்டிலும் அதே கணக்கு. கதவுக்கு இரண்டு பூட்டு, தலைமாட்டில் இரண்டு அலாரம், சட்டைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி.

"எல்லாத்துலயும் ஒண்ணுக்கு ரெண்டு. கல்யாணம் மட்டும்தான் ஒண்ணோட நிறுத்திட்டார், அதுவும் எனக்குப் பயந்து" என்பாள் மனைவி, வந்தவர்களிடம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஆசையைத்தான் பாருங்கள். தலைகீழாகப் பறந்து, மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி அந்தரத்தில் நின்று, பம்பரமாகச் சுழன்று இறங்குகிற சாகச விமானத்தை ரிமோட்டில் ஓட்ட வேண்டும். அதுவும் பெரியது. சின்ன விமானங்களை வருஷக்கணக்காக ஓட்டியவர்தான், கை சுத்தம். பெரியதைக் கொண்டுவந்து அவர் தலையில் கட்டியவன் மைத்துனன்.

மைத்துனன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பாட்டு முணுமுணுக்கிறவன். விமானத்தை வாங்குவான், பறக்கவிடுவான், உடைப்பான், சிரிப்பான், மறுபடி வாங்குவான். யாரோ பாதியில் கைவிட்ட பெரிய விமானத்தின் உடலையும் இறக்கைகளையும் ஒருநாள் அவர் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தான். இறக்கையின் இந்த நுனியில் தலைவைத்து அவர் படுத்தால், அந்த நுனிவரை இன்னும் பாதி ஆள் படுக்க இடம் இருக்கும்.

"எஞ்சினும் சாமானும் மட்டும் பாத்துப் போட்டுக்குங்க அத்தான். அவ்வளவுதான் வேலை."

அந்த 'அவ்வளவுதான்' ஆறு வருஷம் ஓடியது.

எஞ்சின் பார்க்கிற படலம் ஒற்றை சிலிண்டரில் தொடங்கியது. அது எடை குறைவு, சிக்கனம். ஆனால் ஓடும்போது உதறும். உதறினால் திருகாணி கழலும். சரி, எதிரெதிரே இரண்டு சிலிண்டர் வைத்தது பார்ப்போம் என்று போனார். ஒன்றின் உதறலை மற்றது அடக்கிவிடும், நல்ல தம்பதி மாதிரி. ஆனால் கனம். இழுவையும் அதிகம், வேகமும் அதிகம். வேகம் கூடினால் இறக்கையிலும் வாலிலும் அசைகிற பலகைகளைக் காற்று முரட்டுத்தனமாகத் தள்ளும். அதை எதிர்த்துத் திருப்ப, சர்வோ என்கிற குட்டி மோட்டார்கள் பலசாலிகளாக இருக்க வேண்டும். பலசாலிகள் மின்சாரத்தை விழுங்குவார்கள், ஆகவே பெரிய பேட்டரி. பேட்டரி செத்தால் விமானமே செத்தது, ஆகவே இன்னொரு பேட்டரி. ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற ரிசீவர் ஒன்று பழுதானால்? ஆகவே இன்னொரு ரிசீவர். ஸ்விட்ச்? ஆகவே இன்னொன்று. இத்தனையும் சேர்ந்த கனத்துக்கு முதலில் பார்த்த எஞ்சின் நோஞ்சானாகத் தெரிந்தது. அடுத்த அளவைப் பார்த்தார். அது மூக்கைக் கீழே அழுத்தியது. மூக்கைத் தூக்க வாலில் ஈயம் வைக்க வேண்டும். ஈயம் வைத்தால் மொத்தக் கனம் ஏறும். ஏறினால் எஞ்சின் போதாது.

பாதுகாப்புக்காக அவர் சேர்த்த ஒவ்வொரு சாமானும் விமானத்தை இன்னும் கொஞ்சம் ஆபத்தாக்கியது. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால் இன்னும் ஒன்றைச் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடை பார்க்கிற இயந்திரத்தின்மேல் விமானத்தின் உடலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவார். பிறகு அதை இறக்கிவைத்துவிட்டுத் தான்மட்டும் ஏறுவார். கழித்துப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார்.

"ரெண்டுல ஒண்ணு இளைக்கணும்" என்பாள் மனைவி, கதவோரத்தில் துணி மடித்தபடி. "ஈயத்தை எடுக்கிறீங்களா, இல்ல சாயங்காலம் நடக்கப் போறீங்களா?"

"நான் இளைச்சா விமானம் எப்படிப் பறக்கும்?"

"இப்ப மட்டும் பறக்குதா?"

மைத்துனன் அவ்வப்போது வந்து பார்ப்பான். "ஒத்த சிலிண்டரைப் போட்டு விடுங்க அத்தான். போயிட்டே இருக்கும்."

"திருகாணி கழண்டா?"

"கழண்டா விழும். விழுந்தா பொறுக்கிக்கலாம்."

இந்தப் பதிலைக் கேட்ட அன்றெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த நிலையில்தான் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மருமகனுக்கு மாற்றல். வீடு கிடைக்கும்வரை இரண்டு பேரும் இங்கேதான், பின்னறையில்தான். முதல் தேதி வருகிறார்கள். "அப்பா, உங்க பிளேனை ஒரு ஓரமா வச்சுக்கலாம்ப்பா" என்றாள் பெரிய மனதோடு. அந்த அறைக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. விமானம் குறுக்காகப் படுத்திருந்தது. ஓரங்களில் அவர் நடந்துகொண்டிருந்தார்.

மனைவி அன்று மாலையே தீர்ப்புச் சொன்னாள். "முதல் தேதிக்குள்ள அது ஒரு தடவை பறக்கட்டும். பறந்துச்சுன்னா நம்ம படுக்கிற ரூம்ல மேல மாட்டிக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பறக்கலைன்னா தம்பி எடுத்துட்டுப் போகட்டும்."

"அவனா? ஒரே வாரத்துல உடைச்சிடுவான்."

"உடையறதுக்காவது பறக்குமில்ல."

ஆறு வருஷம் கையில் வைத்துத் தடவிய உடலில், எவனோ பயன்படுத்திய ஒற்றை சிலிண்டரைப் பொருத்தி, ஒரு பேட்டரியோடு மைத்துனன் விடப்போகிறான். பெற்ற பிள்ளையை ஊர்சுற்றியிடம் ஒப்படைப்பது போல இருந்தது.

கடைக்குப் போனார். தேர்ந்தெடுத்தது அவரல்ல, கெடு. இரட்டை சிலிண்டரில் அங்கே இருந்ததிலேயே பெரியதைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பெட்ரோல் டேங்க் மட்டும் இரண்டு அளவில் கேட்டு வாங்கிப் பார்த்தார். கடைக்காரர் சின்னதை நீட்டி, "இந்த எஞ்சினுக்கு இது தாராளம் சார்" என்றார்.

"நடுவானத்துல தீர்ந்துட்டா?"

"அதுக்குள்ள இறக்கிடுவீங்களே சார்."

அவர் பெரியதை எடுத்துக்கொண்டார்.

மாதக் கடைசி ஞாயிறு. ரிமோட் விமானக்காரர்கள் கூடுகிற புல்வெட்டிய மைதானம், நடுவே தார்ப் பாதை, ஓரத்தில் தகரக் கூரை, அதன் கீழே முறைக்குக் காத்திருப்பவர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை முடுக்கும்போது ஒருவர் விமானத்தின் வாலைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். ஓட்டுபவர் "விடு" என்று சொன்னால் மட்டுமே விட வேண்டும். மைத்துனன் முன்னால் நின்று விமானத்தின் மூக்கு விசிறியைக் கையால் தட்டிச் சுழற்ற வேண்டியிருந்ததால், வாலைப் பிடிக்க மனைவி வந்திருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் பிடித்தாள். இந்த மைதானத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த விதி அந்த ஒன்றுதான்.

நாலாவது தட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மைத்துனன் சுற்றிவந்து பின்னால் நின்றான். புல் பின்பக்கமாகச் சாய்ந்தது, அவள் முடி பறந்தது. அவர் ரிமோட்டில் வால் பலகைகளை அசைத்துப் பார்த்தார், இறக்கைப் பலகைகளை அசைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. மறுபடி அசைத்தார். மறுபடியும் எல்லாம் சரி. ரிமோட்டின் மேல் கட்டைவிரல்கள் இருந்தன, 'விடு' என்ற சொல் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவே, இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிஃப்டைப் போல நின்றது.

"அத்தான், எஞ்சின் சூடாகுது."

"இரு. ஒரு நிமிஷம்."

"அத்தான்."

"பாக்கறேன்ல."

மனைவி விட்டுவிட்டாள்.

விமானம் கொஞ்சம் தயங்கியது; பிறகு உருண்டது, ஓடியது, அவர் என்ன ஏது என்று உணர்வதற்குள் விரல்கள் பழக்கத்தில் தாங்களாகவே இழுக்க, மேலே ஏறியது. கூரையின் கீழிருந்தவர்கள் கைதட்டினார்கள். "கை வலிச்சுது" என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

பறந்தது! கனமாக, நேராக, ஒரு குலுங்கல் இல்லாமல். அவர் அதை உயரத்துக்குக் கொண்டுபோனார். பயந்தவர்கள் உயரமாகத்தான் பறக்கவிடுவார்கள். மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம். இன்னொன்று. கரணம் போடுவதற்கென்றே பிறந்த விமானம், செக்கைச் சுற்றுகிற மாடு போலச் சுற்றியது.

"ஒரே ஒரு கரணம் அத்தான்?"

"பாக்கலாம்."

"சரி, இறக்குங்க. முதல் தடவைக்கு இது போதும்."

இறக்கத்தான் பார்த்தார். திருப்பி, வேகம் குறைத்து, பாதைக்கு நேரே கொண்டுவந்தார். தலை உயரத்துக்கு வந்ததும், ஆறு வருஷம் தரையை நோக்கி வருவது தெரிந்தது. வானத்தில் உடைய ஒன்றுமில்லை. உடைவதெல்லாம் தரையில். கட்டைவிரல் தானாக முன்னே போனது, எஞ்சின் உறுமியது, விமானம் மறுபடி மேலே.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும்.

தன் விமானத்தோடு காத்திருந்த பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்கிட்ட வர்றவங்ககூட இப்படித்தான். நாற்காலி வரைக்கும் வருவாங்க, வாயைத் திறக்க மாட்டாங்க."

அவருக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது, இரண்டு கையும் ரிமோட்டில். சட்டைப்பையில் இரண்டாவது கண்ணாடி இருந்தது, ஒன்றுக்கும் உதவவில்லை. ரிமோட் கீச்சிட்டு நேரமாகிவிட்டது என்று எச்சரித்தது. பேட்டரியாவது தீரக்கூடாதா என்று ஒரு கணம் நினைத்தார். இரண்டு இருந்தன. அவர் போட்ட ஒவ்வொரு சாமானும் சொன்னபடி, பிசகில்லாமல், அவரை அங்கேயே நிற்கவைத்தது.

"பெட்ரோல் எவ்வளவு அத்தான் போட்டீங்க?"

"ரொப்பிட்டேன்."

"அந்தப் பெரிய டேங்க்லயா?" மைத்துனன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, பிளாஸ்க்ல டீ இருக்கா?"

டீ தீர்ந்த பிறகுதான் பெட்ரோல் தீர்ந்தது. உறுமல் இருமலாகி நின்றது. விசிறி நின்று, வானம் சட்டென்று அமைதியானது. கூரையின் கீழிருந்தவர்கள் எழுந்தார்கள். இனி மேலே போக வழியில்லை; தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் தோள்கள் இறங்கின. நிதானமாகத் திருப்பினார், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார், பாதையின் தொடக்கத்தில் சக்கரங்களைப் பூவைப் போல வைத்தார். அவர் வாழ்க்கையிலேயே இறக்கிய மிக நல்ல இறக்கம் அது. ஒரு கீறல் இல்லை.

பல் டாக்டர் கைகுலுக்கினார். மைத்துனன் கட்டிப்பிடித்தான். மனைவி காலை நீட்டி உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா?"

லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ தடவை அவர் காதில் வாங்கிய கேள்வி.

காரில் வீடு திரும்பும்போது, கழற்றிய இறக்கை ஒன்று அவள் மடிமேல் கிடந்தது.

"டேங்க் கொஞ்சம் பெரிசாப் போச்சு" என்றார்.

"அப்ப சின்னதைப் போடுங்க."

"சின்னதுன்னா மூக்குல கனம் குறையும். வால்ல ஈயத்தைக் குறைக்கணும்."

"குறைங்க."

"குறைச்சா மொத்தக் கனம் இறங்கும். அப்புறம் இந்த எஞ்சினுக்கு விமானம் தாங்காது. வேற ஒண்ணு பாக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் தேதிக்கு முன்பே பின்னறை காலியானது. சொன்ன வாக்கை அவள் மீறவில்லை. விமானம் அவர்கள் படுக்கிற அறையின் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே ஏறியது. இரண்டு கொக்கி போதும் என்றான் மைத்துனன். அவர் ஆறு அடித்தார். ஒவ்வொன்றிலும் தொங்கிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். அவள் தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறாள். பக்கத்தில் அவர் மல்லாந்து படுத்து, மூக்குக்கு நேரே தொங்குகிற எஞ்சினைப் பார்த்தபடி, ஏழாவது கொக்கிக்குக் கூரையில் இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.